இல்லை என்று எழுதிய கிணறு

என் தொழிலைச் சொன்னால் எங்கள் பக்கம் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். மண் பரிசோதனை செய்கிறேன். கட்டடம் கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் துளை போட்டு, கீழே என்ன மண், எத்தனை அடியில் பாறை, எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி எழும்புவதென்றால் அந்த இடத்துக்கு முதலில் வாஸ்துக்காரர் வருவார். அவருக்கு நாற்காலியும் இளநீரும் உண்டு. அப்புறம் நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடப்பார். அவர் பின்னால் குடும்பமே செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும். எல்லாம் முடிந்து, அப்ரூவலுக்கு ஒரு காகிதம் குறைகிறது என்று எஞ்சினியர் சொன்ன பிறகுதான் என் போன் அடிக்கும்.

"சாயில் ரிப்போர்ட் ஒண்ணு வேணுமுங்க. பக்கத்துத் தோட்டத்துக்கு நீங்கதான குடுத்தீங்க? அதையே பேர மட்டும் மாத்திக் குடுத்துப்போடுங்க."

முதல் சில வருஷம் பொறுமையாக விளக்கினேன். இப்போது கத்திவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரருடைய ரத்தப் பரிசோதனையில் உங்கள் பேரைப் போட்டு டாக்டரிடம் காட்டுவீர்களா என்று கேட்பேன். அதற்கும் சிரிப்பார்கள். "ஏனுங்க இவ்வளவு கோவம், ஒரு காயிதத்துக்கு?" என்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் இன்னும் கத்துவேன்.

எங்கள் மண்ணைப் போல ஆளை ஏமாற்றுகிற மண் கிடையாது. மேலே செம்மண். அதன் கீழ் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான், சுண்ணாம்புக் கல். அதற்கும் கீழே கையில் பிசைந்தால் உதிர்கிற மக்கின பாறை, கடைசியில் கடப்பாரை துள்ளுகிற கெட்டிப் பாறை. சொல்லும்போது வரிசையாக இருக்கிறது, உள்ளே அப்படி இருக்காது. ஒரு மூலையில் ஐந்தடியில் பாறை தட்டும். நாற்பதடி தள்ளிப் போனால் இருபத்தைந்தடிக்கும் தட்டாது. ஒரே போர்வைக்குள் நாலு பிள்ளைகள் படுத்திருந்தால், மேலே நின்று பார்க்கிறவனுக்கு எங்கே முட்டி, எங்கே இடைவெளி என்று தெரியுமா? கட்டடத்தின் ஒரு கால் முட்டியின் மேலும் இன்னொரு கால் இடைவெளியின் மேலும் நின்றால், சுவர் நடுவில் கிழிந்துவிடும். பல்லடம் பக்கம் கரிசல். அது மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். அதன் மேல் இரண்டடி அஸ்திவாரத்தில் காம்பவுண்டு கட்டிவிட்டு, விரிசல் விட்டதும் சிமெண்டைத் திட்டுவார்கள், மேஸ்திரியைத் திட்டுவார்கள், கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய் கட்டுவார்கள்.

ஒரு மேஸ்திரி என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் குழிக்குள் காட்டினார். "பாறைங்க சார். இதுக்கு மேல என்ன டெஸ்டு வேணும்?" தட்டிப் பார்த்தேன். பாறைதான். ஆனால் மாட்டுவண்டி அளவுக்கு ஒரு தனிக் குண்டுக்கல். அதைச் சுற்றியும் அடியிலும் இளகிய மண். அந்தக் கல்லின் மேல் தூணை நிறுத்தப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்தேன், கூடாது என்று. அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டு வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டார்கள்.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவியின் அண்ணன் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். எனக்கு மச்சான். வேலம்பாளையம் தாண்டி அவர்களுடைய நாலு ஏக்கர் தோட்டத்தில் புதுக் கம்பெனி கட்டக் கிளம்பினார். எனக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் வாய் நிறைய மரியாதை. எங்கள் ஊர் வழக்கம் அது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதும் ஒரு 'ங்க' போட்டுத்தான் தள்ளுவோம். "மாப்ளை, நம்ம வேலையையும் கொஞ்சம் பாருங்க. வெளியாளுக்கெல்லாம் பாக்கறீங்க" என்றார். போனேன்.

துளை போட வேண்டிய மூன்று இடங்களையும் அவரே சுண்ணாம்புப் பொடியால் குறித்து வைத்திருந்தார். மூன்றும் தோட்டத்தின் கிழக்குப் பாதியில் இருந்தன. கட்டடம் அங்கேதான் வருகிறது என்றார். பிளானிலும் அப்படித்தான் இருந்தது. முக்காலியை நிறுத்தி, கம்பியை இறக்கி, எடைக்கட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டோம். கம்பி ஓரடி ஆழம் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவதுதான் இந்தப் பரிசோதனை. கொஞ்சம் அடித்ததுமே இறங்கினால் மண் இளகல், அடித்தும் இறங்காமல் நின்றால் பாறை. மூன்றிலும் எட்டடியில் கம்பி நின்றுவிட்டது. அருமையான தரை.

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. அந்த இடத்தில் பழைய கிணறு, குழி, குட்டை ஏதாவது மூடப்பட்டிருக்கிறதா? எல்லோரிடமும் கேட்பேன். அன்றைக்கும் கேட்டேன். என் மாமியார் சொம்பில் மோர் கொண்டுவந்திருந்தார்.

"கெணறா? நம்முளுக்கு ஏதுங்க மாப்ளை கெணறு? பங்காளி தோட்டத்துக் கெணத்துலதான் பங்கு. அங்கிருந்துதான் பாய்ச்சுனோம்" என்றார்.

மச்சான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குன்னத்தூரில் பிறந்தவன். நாலு ஏக்கர் தோட்டம், அதில் சொந்தக் கிணறு இல்லை என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேறு யாராவது சொல்லியிருந்தால் தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்திருப்பேன், அக்கம்பக்கத்தில் கேட்டிருப்பேன். பெண் கொடுத்த வீட்டில் போய் மாமியாரைக் குறுக்கு விசாரணை செய்யவா என்று இருந்துவிட்டேன். மோரைக் குடித்தேன். 'இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் அந்தக் கம்பெனியை முழுசாகப் பார்த்தேன். மெஷினுக்கெல்லாம் சந்தனம், வாசலில் பொரியும் சுண்டலும். கட்டடம் கிழக்கில் நன்றாகத்தான் நின்றது, ஒரு விரிசல் இல்லை. பின்பக்கம் போனேன். தென்மேற்கு மூலையில் நான்கு கால்களின் மேல் கான்கிரீட் தண்ணீர் டேங்க் ஒன்று தென்னை உயரத்துக்கு நின்றது. நான் பார்த்த பிளானில் டேங்க் வடமேற்கில், தரையோடு இருந்தது. அந்த உயர டேங்கின் காலடியிலேயே தகரம் வேய்ந்த மூன்று அறைகள், மூன்று தொழிலாளர் குடும்பங்கள்.

"எப்ப மாத்துனீங்க?" என்று மச்சானைக் கேட்டேன்.

"கன்னி மூலை கனமா இருக்கோணுமுங்க. வாஸ்துக்காரர் சொன்னாரு. இருக்கறதுலயே கனமானது தண்ணி டேங்க்தான?"

"இந்த மூலையில நான் துளையே போடலையே."

"ஒரே தோட்டந்தானுங்க மாப்ளை. அங்க எட்டடியில பாறைன்னா இங்க மட்டும் பஞ்சா இருக்கும்?"

அங்கேயே சண்டை போட்டிருப்பேன். பூஜை நாள், பூசாரி நின்றுகொண்டிருந்தார், என் மனைவி தூரத்திலிருந்து கண்ணாலேயே என்னை அடக்கினாள். வாயை மூடிக்கொண்டு அந்த அறைகளின் பக்கம் நடந்தேன். நடு அறை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அவள் ஓவர்லாக் டெய்லர், புருஷன் பேக்கிங்கில், இரண்டு பெண் பிள்ளைகள். நான் கட்டட வேலை தெரிந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, இந்தக் கதவக் கொஞ்சம் பாருங்க. சேரவே மாட்டேங்கு. மாசத்துக்கு ஒருக்க ஆசாரி வந்து செதுக்கிட்டுப் போறாவ. மறுபடியும் இடிக்கி."

கதவைப் பார்த்தேன். கதவில் ஒரு குறையும் இல்லை. நிலைச்சட்டம் கோணிக்கொண்டு வந்தது. சுவரடியில் பெருச்சாளி பறித்த வளை இருந்தது, வாயில் மண் குவிந்திருந்தது. அந்த மண்ணுக்குள் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் துணுக்குகள். குனிந்து ஒன்றை எடுத்து உதறினேன். பனியன் துணி. கட்டிங் டேபிளில் விழுகிற வேஸ்ட் துண்டு, மக்கிப் போய், நாற்றத்தோடு. பூமிக்கு அடியிலிருந்து பெருச்சாளி பனியன் வேஸ்டை வாரிக்கொண்டு வருகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அவளிடம் நூல் கேட்டேன். ஒரு கோனைக் கொடுத்தாள். நூல் நுனியில் நட்டு ஒன்றைக் கட்டி, ஏணியில் ஏறி, டேங்க் காலின் மேல் இணைப்பிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தோம். மேலே ஒட்டிக்கொண்டிருந்த நூல் கீழே நாலு விரல் விலகி நின்றது. டேங்க் அறைகளின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது. "விழுமா அண்ணாச்சி?" என்று பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் கேட்டாள். பார்க்கிறேன் என்றேன்.

பொரித் தட்டு வைத்திருந்த ஆபீஸ் அறைக்குள் போய் மச்சானிடம் கேட்டேன். கிணறா, அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். பெருச்சாளி குப்பைமேட்டிலிருந்து இழுத்திருக்கும் என்றார். அப்படியானால் ஒரு துளை போட்டுப் பார்த்துவிடுவோம் என்றேன். "கன்னி மூலையில இனி கடப்பாரை படக் கூடாதுங்க. அதுல மட்டும் தலையிடாதீங்க" என்றார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. அறைந்துவிடலாம் போலிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அவர் கோயம்புத்தூர் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். கையால் திருகுகிற துளைக் கருவி என்னிடம் உண்டு. அந்தப் பெண்ணின் புருஷனும் நானும் மாறி மாறித் திருகினோம். மேலே நாலடி நல்ல செம்மண், கண்ணில் மண்ணைத் தூவுவதற்கென்றே கொட்டியது. அதற்குக் கீழே கருவி வெண்ணெயில் போவது போலப் போனது. பனியன் வேஸ்ட், உடைந்த பிளாஸ்டிக் கோன், தெர்மாகோல், சாயத் தூள் வந்த சாக்கு. பதினெட்டு அடிக்கு மேல் எங்களிடம் கம்பி இல்லை. அதுவரைக்கும் குப்பைதான்.

அந்தக் குப்பையை ஒரு கவரில் போட்டு மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு மேஜையில் கொட்டினேன். நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"கன்னி மூலையில கெணறு இருந்தா ஆம்பளைக்கு ஆகாதுன்னு சொன்னாங்க. அவிங்கப்பா அந்த வருசந்தான் போனாரு. நம்ம சாயப்பட்டறையும் அப்பத்தான் மூடுனாங்க. மூடிப்போட்டா சரியாயிரும், மூடுனதுக்கப்புறம் அதப்பத்தி வாயால சொல்லப்படாது, சொன்னா மறுபடியும் தொறந்த மாதிரின்னாங்க. அதனாலதான் மாப்ளை, உங்ககிட்டக்கூடச் சொல்லல."

நாற்பது அடிக் கிணறாம். கம்பெனி வேஸ்டைக் கொண்டே அதை நிரப்பி, மேலே இரண்டு லோடு செம்மண் போட்டு மறைத்திருக்கிறார்கள். கிணறு இருக்கக் கூடாத மூலை என்று மூடினார்கள். அதே மூலை கனமாக இருக்க வேண்டும் என்று, மூடின கிணற்றின் வாயிலேயே ஊரிலுள்ள கனத்தையெல்லாம் ஏற்றினார்கள். சுற்றிலும் நல்ல பாறை இருக்கிற நாலு ஏக்கரில், தேடிப் போய் அந்த ஓர் இடத்தில். ஒரு கிணறு என்பது நாற்பது அடிக்கு மண்ணும் சுக்கானும் பாறையும் அடுக்கடுக்காகத் தெரிகிற இடம். நான் முக்காலி வைத்து நாள் முழுக்க அடித்துத் தெரிந்துகொள்வதை எட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதைக் குப்பைக் கூடையாக்கிவிட்டு என்னிடம் 'இல்லை' என்று சொல்லியிருக்கிறார்கள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். மாமியார் என்றும் பார்க்கவில்லை.

மச்சான் சாயங்காலம் போன் செய்தார். டேங்கைக் காலி செய்யுங்கள், அந்த மூன்று குடும்பத்தையும் வேறு இடத்தில் வையுங்கள், இரண்டே வேலை என்றேன்.

"ஷிப்மென்ட் போவட்டுமுங்க. பத்து நாள். தண்ணி இல்லாம கம்பெனி ஓட்ட முடியுங்களா?"

"பத்து நாள்ல உழுந்துச்சுன்னா? கீழ பிள்ளைங்க படுத்திருக்குது."

"மாப்ளை, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. கெணறு இல்லைன்னு எழுதியிருக்கறது உங்க கையெழுத்து. வெளிய போனா மொதல்ல உங்களத்தான் கேப்பாங்க."

போனை வைத்துவிட்டார். டிசைன் போட்ட எஞ்சினியரைக் கூப்பிட்டேன். "உங்க ரிப்போர்ட்ட வெச்சுத்தானுங்க சார் பண்ணுனோம்" என்று கை கழுவிக்கொண்டார். அன்றைக்கே அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே என் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இதை இப்போது சொல்லவே கூசுகிறது, ஆனால் நடந்தது இதுதான். வீட்டில் மனைவி, "ஏனுங்க, எங்கண்ணன ஊரு முன்னால நிக்க வெச்சுப்போடாதீங்க" என்று அழுதாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போனேன். லீவு நாள். வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும், கேட்டைத் திறந்துவிட்டார். வழியெல்லாம் மச்சானோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போயிருந்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். நேராக அறைகளுக்குப் போய்க் கதவுகளைத் தட்டி, எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். வாட்ச்மேன் தயங்கத் தயங்க பேக்கிங் ஷெட்டைத் திறக்கவைத்து அங்கே உட்காரச் சொன்னேன். அந்தப் பெண் அப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். பிள்ளைகள் நல்ல உடுப்பில் இருந்தார்கள். அப்புறம் டேங்கின் அடியில் கழுவி விடுகிற வால்வைத் தேடிப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் திருகித் திறந்தேன்.

தண்ணீர் பீறிட்டது. என் பேன்ட், சட்டை எல்லாம் நனைந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஷிப்மென்ட், ஷிப்மென்ட் என்றாயே, இந்தா உன் தண்ணீர் என்று சத்தமாகவே சொன்னேன். வாட்ச்மேன் மச்சானுக்கு போன் போட்டார். போனை என்னிடம் நீட்டினார். வாங்க மாட்டேன் என்றேன்.

மணிக்கணக்காகத் தண்ணீர் கொட்டியது. அவ்வளவு தண்ணீர் கொட்டியும் அங்கே தேங்கவில்லை. டேங்க் கால்களைச் சுற்றி விழுந்தது விழுந்தபடியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. அறைகளுக்குள் தண்ணீர் ஏறவில்லையே, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நிழலில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளோடு முறுக்குத் தின்றேன். மூன்று மணி சுமாருக்குத் தண்ணீர் நூல் போலாகி நின்றது. வால்வைத் தட்டிப் பார்த்தேன். பெரிய காரியத்தைச் சாதித்தவன் போல ஷெட்டுக்குப் போய், "டேங்க் காலி. கனமெல்லாம் எறங்கிருச்சு. இனி பயமில்ல, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

ஓரத்து அறைகளின் இரண்டு குடும்பங்களும் அதற்குள் சந்தைக்குப் போயிருந்தன. அந்தப் பெண் மட்டும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாள். புருஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, கதவு தெறக்க மாட்டேங்கு" என்று அங்கிருந்து கூப்பிட்டாள்.

அவள் புருஷன் தோளால் இடித்தார். கதவு அசையவில்லை. காலையில் இடித்துக்கொண்டாவது திறந்த கதவு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறுக்கமில்லாத குப்பை நிரப்பிய நாற்பதடிக் குழி. காய்ந்து இருக்கும்வரை எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தது. அதன் தலையில் ஒரு டேங்க் தண்ணீரை, ஒரு சொட்டு வெளியே போகாமல், நானே கொட்டியிருக்கிறேன். தண்ணீர் தேங்கவில்லை என்றால் எங்கே போயிற்று என்று கல்லூரி முதல் வருஷத்தில் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். நனைந்தால் இப்படிப்பட்ட மண் அப்படியே அமுங்கும் என்று எத்தனை ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன்.

ஓடி வாங்க என்று கத்தினேன். எதிரே ஓடிப்போய்ச் சின்னவளை நான் தூக்கினேன், பெரியவளைத் தகப்பன் இழுத்தார். ஷெட் வரைக்கும் வந்திருக்க மாட்டோம். டேங்கின் ஒரு கால் முதலில் மண்ணுக்குள் முழங்கால் அளவு இறங்கியது. டேங்க் கொஞ்சநேரம் யோசித்தது போல நின்றது. அப்புறம் அறைகளின் மேல் விழுந்தது. தகரமும் சுவரும் சாமானும் எல்லாம் ஒரே சத்தத்தில் போயிற்று. தூசி அடங்கியபோது நடு அறை இருந்த இடத்தில் கான்கிரீட் கிடந்தது.

மச்சான் அரைமணி நேரத்தில் வந்து சேர்ந்தார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆறு மாசமா நின்ன டேங்க்குங்க மாப்ளை. நீங்க கை வெச்ச அன்னிக்கே உழுந்துருச்சு."

"கெணத்து மேல கட்டுனது நீங்க" என்றேன்.

"தண்ணியத் தொறந்து உட்டது நீங்க."

இருவரும் அந்த இடிபாட்டுக்கு முன்னால் நின்று கத்தினோம். என் மாமனார் செத்ததிலிருந்து என் கல்யாணத்துக்குப் போட்ட சீர் வரைக்கும் எல்லாம் வந்தது. எஞ்சினியர் வந்தார், யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் டேங்கைப் போட்டோ எடுத்தார். இன்றைக்கும் ஊரில் மச்சான் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார், டேங்கைத் தள்ளியது தங்கச்சி மாப்பிள்ளை என்று. பொய் என்று எகிறலாம். ஆனால் முழுப் பொய் இல்லை. டேங்க் காலிலிருந்து முப்பதடியில் ரோட்டோரச் சாக்கடை ஓடுகிறது. கார்டன் ஹோஸ் சுவரில் மாட்டியே இருந்தது. வால்வில் அதை மாட்டித் தண்ணீரை வெளியே விட்டிருந்தால் டேங்க் அப்படியே நின்றிருக்கும், பிறகு நிதானமாக இடித்திருக்கலாம். அன்றைக்கு என் கண்ணுக்கு மச்சானைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

நாங்கள் கத்தி ஓய்ந்த பிறகு அந்தப் பெண் என்னிடம் வந்தாள். சின்னவள் அவள் இடுப்பில் இருந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. புரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அண்ணாச்சி, அடியில பூராவும் குப்பைன்னு நீங்கதான தோண்டிக் காட்டினிய? பெறவு தண்ணிய அங்கனயே எதுக்கு விட்டிய?"

கோபத்தில் யோசிக்கவில்லை என்றேன். அவளுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உள்ள போங்கன்னும் நீங்கதான சொன்னிய. கதவு தெறந்திருந்தா போயிருப்போம்லா."

ஆமாம் என்றேன்.